சந்தனமா, பிஸ்கட்டா? ஒரே மாதிரி தெரியும் இரண்டு மஞ்சளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

போன சித்திரையில் ஒரு ஆச்சி கடைக்கு வந்து, கைப்பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார்கள். சுவர் பெயிண்டின் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டிலிருந்து கத்தரித்த துண்டுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி இருக்கும். "ஆத்தா, இதுல எது நல்லாருக்கும்? நானும் பத்து நாளாப் பாத்துட்டேன், ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்கள்.

காரைக்குடியில் ஒரு பெயிண்ட் கடையில் 11 வருஷமாக, நிறம் கலக்கும் டின்டிங் மிஷின் பார்க்கிறேன். வீட்டு உள்சுவருக்கு என்னிடம் அதிகம் கேட்கிற நிறம் இதுதான். சந்தனம், பிஸ்கட், கிரீம், ஐவரி, வெந்தயக் கலர் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். வேண்டியது எல்லோருக்கும் ஒன்றுதான். வெள்ளையாகவும் இருக்கக் கூடாது, மஞ்சளாகவும் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் நுழைந்தால் இதமாக இருக்க வேண்டும். அதிகமாகத் தப்பு நடப்பதும் இந்த நிறத்தில்தான். நீலத்திலோ பச்சையிலோ தவறு இருந்தால் டப்பாவைத் திறந்ததும் தெரிந்துவிடும். இந்த மஞ்சளில் நான்கு சுவரும் அடித்து முடித்து, கட்டில் பீரோவெல்லாம் உள்ளே வைத்து, ராத்திரி லைட் போட்ட பிறகுதான் தெரியவரும்.

ஆச்சி கொண்டுவந்த துண்டுகளின் பின்னால் நம்பர் இருந்தது. இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். டின்டிங் மிஷினில் நடப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளை பேஸ் டப்பாவுக்குள் நாலைந்து சாயங்கள் மில்லி கணக்கில் சொட்டும், அப்புறம் டப்பாவைக் குலுக்கியில் வைத்து எடுப்போம். ஆச்சியின் இரண்டு நிறத்திலும் பெரும்பங்கு மஞ்சள் ஆக்சைடுதான், அளவும் ஏறக்குறைய ஒன்றே. முதலாவதில் அதோடு கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு சேர்ந்தது. இரண்டாவதில் சிவப்பு பேருக்குத்தான், கறுப்பு தூக்கலாக இருந்தது. பத்து நாளாக ஆச்சிக்குப் பிடிபடாத வித்தியாசம் அந்த இரண்டு மில்லியில் இருந்தது.

வெறும் மஞ்சளைச் சுவரில் அடித்தால் கண் கூசும். அதனால் அதை எதையாவது போட்டு அடக்குகிறார்கள். சிவப்பைப் போட்டு அடக்கினால் சந்தனம் கிடைக்கும், அது எப்போதும் ரோஸ் பக்கமாகச் சாயப் பார்க்கும். கறுப்பைப் போட்டு அடக்கினால் பிஸ்கட் கிடைக்கும், அது பச்சைப் பக்கமாகச் சாயப் பார்க்கும். கறுப்பு போட்டால் பச்சை எப்படி வரும் என்று கேட்பவர்களிடம், வீட்டில் பிள்ளைகளின் வாட்டர் கலரை எடுத்து மஞ்சளில் துளி கறுப்பைக் கலந்து பார்க்கச் சொல்வேன். பாசிப்பச்சை வரும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் உங்கள் வீட்டைப் பார்த்து நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

எனவே கடைக்குப் போனால், "இந்த நம்பருக்கு மஞ்சளோடு என்னென்ன சாயம் விழுது?" என்று கேளுங்கள். திரையில் சாயங்களின் பெயர் சுருக்கெழுத்தில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மிஷினில் நிற்பவருக்கு அது மனப்பாடம், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அவருக்கு நேரம் இல்லையென்றால் ஷேட் புக்கில் அந்த நிறம் இருக்கிற பட்டையைப் பாருங்கள். ஒரே குடும்பத்து நிறங்கள் மேலே வெளிறி, கீழே போகப் போக அடர்ந்து இருக்கும். உங்கள் நிறத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கிற அடர்த்தியான நிறத்தைப் பாருங்கள். அது செங்கல்லையோ பழுத்த மாம்பழத் தோலையோ நினைவுபடுத்தினால் உங்களுடையது சந்தன வகை. காய்ந்த பாசியையோ கடுகெண்ணெயையோ நினைவுபடுத்தினால் பிஸ்கட் வகை. வெளிறிய நிறம் தன் குணத்தை மறைத்துக்கொள்ளும். அடர்ந்த நிறத்தால் அது முடியாது.

இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல ஒரு வெள்ளை ஏ4 தாளின்மேல் வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் கண் இரண்டையுமே 'மஞ்சள்' என்று ஒப்புக்கொண்டு போய்விடும். பக்கத்தில் சுத்த வெள்ளை இருந்தால்தான் ஒன்று ரோஸ், ஒன்று பச்சை என்பது பிரிந்து தெரியும். அப்புறம் தாளோடு தூக்கிச் சுவரில் நிமிர்த்திப் பிடியுங்கள். மேசைமேல் கிடக்கும் அட்டையில் மேலிருந்து வெளிச்சம் விழும், சுவரில் பக்கவாட்டில் விழும். அதே துண்டு நிமிர்த்தியதும் ஒரு சாயல் கறுப்பதை நீங்களே பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்துதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், புது வீடு கட்டிய ஒரு தம்பதி வந்தார்கள். பிள்ளையின் அறைக்கு இதமான மஞ்சள் வேண்டும் என்றார்கள். கடை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து ஒரு பிஸ்கட் நிறத்தை எடுத்துக் கொடுத்தேன், அவர்களுக்கும் பிடித்திருந்தது. அந்த அறை வடக்கு பார்த்தது, தரையில் சாம்பல் கலந்த வெள்ளை டைல்ஸ், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம். இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்து, "அக்கா, எம் பிள்ளை ரூமு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குக்கா" என்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கறுப்பு கலந்த மஞ்சள், இலை வழியாக வந்த பச்சை வெளிச்சம், நீலம் பாய்ந்த டியூப்லைட் எல்லாம் சேர்ந்து சுவர் நோயாளி முகம்போல இருந்தது. திரும்ப அடித்தார்கள், கூலியும் பெயிண்டும் அவர்களுக்கு இரட்டைச் செலவு. அன்றிலிருந்து எந்தத் திசை, என்ன தரை, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்காமல் யாருக்கும் மிஷினைத் திறப்பதில்லை.

ஆச்சியிடமும் கேட்டேன். ஹால் கிழக்கு பார்த்தது, தரை பழைய ரெட் ஆக்சைடு, நிலையும் கதவும் தேக்கு. பின்னால் படுக்கையறை, அதற்கு வடக்கே ஒரே ஜன்னல், தரையில் புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸ். இரண்டுக்கும் ஒரே நிறம் அடிப்பதாக எண்ணம். "ஆச்சி, அட்டையை வச்சு முடிவு பண்ண வேண்டாம், பலகை அடிச்சுப் பாத்துருவோம்" என்றேன்.

பலகைச் சோதனைக்குப் பெரிய செலவு இல்லை. ஹார்டுபோர்டில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டிய இரண்டு துண்டு போதும். முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கோட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் பலகையின் பழுப்பு நிறம் கீழிருந்து எட்டிப் பார்க்கும். அது காய்ந்ததும் நிறத்தை இரண்டு கோட்டு அடியுங்கள், நடுவில் நாலு மணி நேரம் விடுங்கள். சில கடைகளில் சோதனைக்கென்றே 200 மில்லி டப்பா கிடைக்கும், இல்லையென்றால் ஒரு லிட்டர் வாங்குங்கள். தேர்ந்தெடுத்த நிறத்தின் மீதியைப் பிறகு சுவருக்கே பயன்படுத்தலாம். ஈரமாக இருக்கும்போது பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். எமல்ஷன் டப்பாவில் பால் கலந்தாற்போல வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும். மறுநாள்தான் அதன் உண்மையான முகம் தெரியும்.

பழைய சுவரில் நேரடியாக ஒரு சதுரம் அடித்துப் பார்க்கலாமே என்று பெயிண்டர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்றிலும் பழைய பச்சை இருந்தால் நடுவில் அடித்த எந்த மஞ்சளும் ரோஸாகத்தான் தெரியும், கண் அப்படித்தான் ஏமாறும். பலகை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடக்கலாம். தரையோடு ஒட்டி நிறுத்தலாம், நிலைக்குப் பக்கத்தில் சாய்க்கலாம், மூலையில் வைக்கலாம்.

ஆச்சி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். இரண்டு பலகையையும் ஹால் சுவரில் சாய்த்து, அடி விளிம்பு சிவப்புத் தரையைத் தொடும்படி வைத்தோம். காலை எட்டு மணி வெயில் ஜன்னல் வழியாக நேராகத் தரையில் விழுந்தது. சந்தனப் பலகையின் மேல்பாதி சந்தனமாகவே இருந்தது. கீழே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் கொய்யாப்பழத்தின் உள்பக்கம்போல ரோஸ் ஏறியிருந்தது. வெயில் பட்ட சிவப்புத் தரை அந்தச் சிவப்பைத் தூக்கிப் பலகைமேல் வீசியிருந்தது. பிஸ்கட் பலகையிலும் அதே சிவப்பு விழுந்தது. ஆனால் அங்கே அது பச்சைச் சாயலைத் தின்றுவிட்டு, அடியிலிருந்து நுனி வரை நல்ல பசும்பால் பாலாடைபோல ஒரே இதமாக நின்றது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் ஒரு உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து பார்த்தார்கள். கையை எடுத்த இடத்தில் நிழல் விலகி ரோஸ் திரும்ப ஏறியதையும் பார்த்தார்கள். "தரை பேசுதே ஆத்தா" என்றார்கள்.

அது ஒரு பலகைதான். நான்கு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, நிறம் தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும். அட்டையில் மென்மையாகத் தெரிந்த மஞ்சள் அறைக்குள் தூக்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பலகையில் 'சரியாக இருக்கிறது' என்று தோன்றினால் அதே பட்டையில் ஒரு படி வெளிறியதை எடுங்கள் என்பது என் வழக்கமான யோசனை. மூலையில் இரண்டு பலகையைப் புத்தகம் விரித்தாற்போல எதிரெதிராக நிறுத்தினால் இந்த விளைவு கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஒரே நிறத்தில் இரண்டு பலகை வேண்டும். வசதிப்பட்டால் செய்யுங்கள்.

அப்புறம் அதே பலகைகளைப் பின்னறைக்குக் கொண்டுபோனோம். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அதிகம் வராது, வானத்தின் வெளிச்சம்தான் வரும். அதில் நீலம் கலந்திருக்கும். கீழே வெள்ளை டைல்ஸ், கைகொடுக்கச் சிவப்பு எதுவும் இல்லை. ஹாலில் பாலாடையாக இருந்த பிஸ்கட் அங்கே போனதும் சாம்பலும் பச்சையுமாகச் சோர்ந்தது. அதிகமாக ரோஸ் காட்டிய சந்தனம் அங்கே அடங்கி, அரைத்த சந்தனம் மாதிரியே இருந்தது. அதே பலகை, நடுவில் இருபது அடி தூரம்.

ராத்திரி வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள். நாம் ஹாலில் உட்கார்ந்து இருப்பதே பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான். எல்.இ.டி. பெட்டியில் 6500 கே, 4000 கே, 3000 கே என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறையக் குறைய மஞ்சளாகும். நம் ஊரில் பெரும்பாலும் மாட்டியிருப்பது 6500. அந்த வெளிச்சத்தில் பிஸ்கட் வகை பச்சையடிக்கும், சந்தன வகை தாக்குப்பிடிக்கும். 3000 வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரிவதால் சந்தனம் ஆரஞ்சுப் பக்கம் போய்விடும், பிஸ்கட் அழகாக நிற்கும். 4000 நடுவாந்தரம். பெயிண்டை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு என்பதால், ஒரு 4000 பல்பு வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருந்தால் 90-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். அதில் நிறங்கள் தங்கள் இயல்புக்குப் பக்கத்தில் தெரியும்.

ஆக, பலகையைக் காலை, உச்சி, சாயங்காலம், ராத்திரி என்று நான்கு வேளையும் பார்க்க வேண்டும். மேற்கு ஜன்னல் இருந்தால் ஐந்து மணி வெயிலை மட்டுமாவது தவறவிடாதீர்கள், அந்த வெயிலில் சந்தன வகை காவியாகிவிடும்.

ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதுமா என்று கேட்டார்கள். போதாது. போன் கேமரா மஞ்சளைக் கண்டால் அதை வெள்ளையாக்கப் பார்க்கும். வெளிச்சத்தால் வந்த மஞ்சளா, சுவரின் மஞ்சளா என்று அதற்குத் தெரியாது. அங்கே அவர் போன் திரை வேறு நிறம் காட்டும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பலகைக்கும் நடுவில் வெள்ளைத் தாளை வைத்து, மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். எது ரோஸ், எது பச்சை என்ற வித்தியாசமாவது அவருக்குப் புரியும். நிறத்தை முடிவு செய்ய வேண்டியவர் அந்தச் சுவருக்குள் இருப்பவர்தான்.

எல்.ஆர்.வி. என்று ஷேட் புக்கில் ஒரு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு 60-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன். இரண்டு நிறத்துக்கும் இந்த எண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெளிச்ச விஷயத்தில் இரண்டும் சமம், சாயலை மட்டும் யோசித்தால் போதும்.

கம்பெனி மாறினால் நம்பர் உதவாது. ஒரு கம்பெனியின் நிறத்தை இன்னொரு கம்பெனி பேஸில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பேஸின் வெள்ளையே வேறு, சாயமும் வேறு. கிட்டத்தட்ட வரும், அதுவாக வராது. எந்தக் கம்பெனி பெயிண்டைச் சுவரில் அடிக்கப் போகிறீர்களோ அதிலேயே பலகையும் அடியுங்கள். பளபளப்பும் அப்படித்தான். ஷீன் உள்ளதில் நிறம் ஆழமாகத் தெரியும், சிவப்புத் தரையின் சாயலும் அதிகமாக விழும். பளபளப்பில்லாத 'மேட்' பெயிண்டில் இரண்டுமே அடங்கும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருந்தால் மேட்தான் நல்லது.

ஆச்சி இரண்டு நிறத்தையுமே வாங்கினார்கள். ஹாலுக்குப் பிஸ்கட், பின்னறைக்குச் சந்தனம். நடுவில் இருக்கிற தேக்கு நிலைதான் எல்லை. பகலில் வாசலில் நின்று பார்த்தால் இரண்டு அறையும் ஒரே நிறம் என்றுதான் நினைப்பீர்கள். ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இரண்டு நிறம் வாங்கியதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆச்சி சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

வாங்கும் அளவுக்கு ஒரு கணக்கு. ஹால் 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. சுற்றளவு 56, சுவர்ப்பரப்பு 560 சதுர அடி, கதவு ஜன்னலுக்கு 80 கழித்தால் 480. பட்டி போட்ட வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு சுமார் 120 முதல் 150 சதுர அடி வரும். 4 லிட்டர் தட்டுத்தடுமாறிப் போதும், அதனால் 4-ம் 1-ம் வாங்கச் சொன்னேன். இரண்டு டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்த பிறகே அடிக்க ஆரம்பிக்க வேண்டும். இந்த மாதிரி மெல்லிய நிறங்களில் ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லி வித்தியாசம் வந்தாலும் சுவர் நடுவில் கோடு தெரியும்.

பழைய சுவர் நீலமோ பச்சையோ என்றால் பிரைமர் கட்டாயம். நீலத்தின்மேல் மெலிதாக அடித்த மஞ்சள் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரானால் உதிர்வதெல்லாம் சுரண்டிய பிறகுதான் பிரைமரே.

வேலை நடக்கும்போது ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று தடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது என்று பெயிண்டர் அண்ணன் ஸ்டெய்னர் என்கிற சாய பாட்டிலைத் திறப்பார். நல்ல எண்ணத்தில்தான் திறப்பார். ஆனால் கையால் ஊற்றிய அந்த நாலு சொட்டை அடுத்த டப்பாவில் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆறு மாசம் கழித்துக் கறை மறைக்க டச்சப் செய்யவும் முடியாது. "காயட்டும் அண்ணே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லுங்கள்.

மீதி பெயிண்டைக் கால் லிட்டராவது ஒரு சின்ன டப்பாவில் வாய் நிறைய ஊற்றி இறுக்கி மூடி வையுங்கள். டப்பாவின் மேல் கம்பெனி, நிறத்தின் நம்பர், மேட்டா ஷீனா, எந்த அறை, அடித்த தேதி எல்லாவற்றையும் மார்க்கரில் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.